எடைக்குப் போன கொலைகள்

நியூயார்க் மன்ஹாட்டனில் வாரன் தெரு என்று ஒரு தெரு. அங்கே கொலையை மட்டுமே விற்கிற கடை ஒன்று இருக்கிறது. பயப்படாதீர்கள், புத்தகக் கடைதான். 'மிஸ்டீரியஸ் புக்‌ஷாப்' என்று பெயர். சமையல் குறிப்பு, சுயமுன்னேற்றம், பங்குச் சந்தையில் பணம் பண்ணுவது எப்படி, இதெல்லாம் அங்கே மருந்துக்கும் கிடையாது. தரையிலிருந்து கூரை வரை துப்பறியும் கதை, மர்மக் கதை, உளவாளிக் கதை. மேல்தட்டுக்கு ஏணி வைத்திருக்கிறார்கள். என் ஆபீஸிலிருந்து நடந்து போகிற தூரம் என்பதால், தயிர்சாத டப்பாவைச் சீக்கிரம் காலி செய்துவிட்டு மாதம் ஒருமுறையாவது எட்டிப் பார்த்துவிடுவேன். (வாங்குவது குறைவு. வங்கிக்காரன் புத்தி.)

கடையை ஆரம்பித்தவர் ஓட்டோ பென்ஸ்லர். 1942-ல் பிறந்தவர். பத்திரிகை வேலையில் இருந்தபோதே துப்பறியும் நாவல்களின் முதல் பதிப்புகளைத் தேடித் தேடிச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். 1975-ல் இந்த வகைக் கதைகளுக்கென்றே ஒரு பதிப்பகம். அடுத்த வருஷம் இன்னொருவருடன் சேர்ந்து துப்பறியும் இலக்கியத்துக்கு ஒரு கலைக்களஞ்சியம். 1979 ஏப்ரல் 13-ஆம் தேதி கடை திறப்பு. 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்றால் இந்த ஊர்க்காரர்கள் வெளியே போகவே யோசிப்பார்கள். ஆடி மாசத்தில், அதுவும் ராகுகாலத்தில், பால் காய்ச்சிக் கடை திறந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கடை 26 வருஷம் மேற்கு 56-ஆம் தெருவில் இருந்தது. 2005-ல் வாரன் தெருவுக்கு வந்தது.

இந்த மனிதர் செய்கிற ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பெரிய எழுத்தாளர் ஒருவரிடம் காசு கொடுத்து ஒரு சிறுகதை எழுதி வாங்குவார். கதையில் மர்மம் இருக்க வேண்டும், கிறிஸ்துமஸ் வர வேண்டும், ஒரு காட்சியாவது தன் கடைக்குள் நடக்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. அதைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுப்பார். நம்மூர் ஜவுளிக்கடை தீபாவளிக்கு காலண்டர் கொடுக்கிற மாதிரி. வியாபாரம் படுத்தபோது எழுத்தாளர்களைக் கூப்பிட்டு, 'உங்கள் துப்பறிவாளர் எப்படிப் பிறந்தார் என்று ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டார். எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கட்டுரைகள் 'தி லைன்அப்' என்று புத்தகமாகி 2010-ல் எட்கர் பரிசும் வாங்கிவிட்டது. வயதான பிறகு, தான் சேர்த்து வைத்த முதல் பதிப்புகளை ஏலத்துக்கு விட்டார். 2019-ல் ஆரம்பித்த அந்த ஏலத்தின் பட்டியலைப் பார்த்தபோதுதான் என் மண்டையில் ஒரு பல்பு எரிந்தது.

ஒரு காலத்தில் சில்லறைக் காசுக்கு விற்ற கதைப் புத்தகங்கள் அவை. எழுதியவர்களையே இலக்கிய உலகம் வெளித்திண்ணையில் உட்கார வைத்திருந்தது. அதே புத்தகங்கள் இன்றைக்கு ஒரு ஆளின் பாலன்ஸ் ஷீட்டில் சொத்து. நம்மூர் மர்ம நாவலை யாராவது இப்படி ஏலம் போட்டுக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எழுத்தாளருக்குப் பஞ்சமா? கோயமுத்தூர் ராஜேஷ்குமார் ஒருவரே 1500 நாவலுக்கு மேல் எழுதியவர். வாசகருக்குப் பஞ்சமா? எண்பதுகளில் பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடைக் கயிற்றில் தொங்காத கொலை உண்டா? பிறகு எங்கே போயிற்று அத்தனையும்?

எனக்குத் தெரிந்து இந்தக் கேஸில் துப்பு கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது. ஆதியிலிருந்து வருவோம்.

தமிழில் துப்பறியும் கதை 1894-ல் தொடங்குகிறது என்பார்கள். பண்டித எஸ்.எம். நடேச சாஸ்திரி, தானவன் என்ற போலீஸ் நிபுணனை வைத்து எழுதிய புத்தகம் அந்த வருஷம் வந்தது. ஷெர்லக் ஹோம்ஸ் முதல் நாவல் 1887. வித்தியாசம் ஏழே வருஷம்! கப்பல், தபால் எல்லாம் இருந்த வேகத்துக்கு இது மோசமில்லை.

அடுத்து வருகிறவர்தான் என் ஆள். என் ஆள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் வளர்ந்தது திருப்பதியில். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, மலைமேல் எல்லா மொழியும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூட மறந்துபோன சங்கதி ஒன்று உண்டு. 1911 வரைக்கும் வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரம் சித்தூர். கலெக்டர் கச்சேரி, ஜில்லா கோர்ட் எல்லாம் அங்கேதான். அந்த வருஷம்தான் சித்தூர் தனி ஜில்லாவாகி, வேலூர் வட ஆற்காட்டின் தலைநகரமானது. (2022-ல் திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது. அது வேறு கதை.) ஆக, அதற்கு முன்னால் ஆரணியில் ஒரு கொலை நடந்தால் செஷன்ஸ் விசாரணை சித்தூரில். விழுப்புரத்திலிருந்து வந்த பழைய மீட்டர்கேஜ் ரயில், ஆரணி ரோடு ஸ்டேஷனைத் தொட்டு, காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கு வரும். மொழிவாரி மாநிலமெல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பு அது ஒரே சீமை.

அந்தச் சீமையிலிருந்து வந்தவர் ஆரணி குப்புசாமி முதலியார். 1915-ல் நா. முனுசாமி முதலியார் சென்னையில் தொடங்கிய 'ஆனந்தபோதினி' மாதப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். அவரும் ஒரு தொழிற்சாலைதான். 'இரத்தினபுரி இரகசியம்', 'மின்சார மாயவன்' என்று எழுதித் தள்ளினார். ஹோம்ஸைப் பிடித்து வந்து ஆனந்தசிங் என்று பெயர் வைத்துத் தமிழ் பேச வைத்தார். இங்கிலாந்தின் ரெயினால்ட்ஸ் எழுதிய அரண்மனைச் சூழ்ச்சிக் கதைகளையும் தமிழ் வேட்டி கட்டி நடமாட விட்டார். இதைத் திருட்டு என்று இன்றைக்கு வக்கீல் சொல்வார். அன்றைக்கு 'தழுவல்' என்று பெயர், யாரும் முகம் சுளிக்கவில்லை. தனித்தமிழ் இயக்கத்தின் மறைமலையடிகளே 1911-ல் ரெயினால்ட்ஸ் கதை ஒன்றைத் தழுவித்தான் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' எழுதினார். ஆரணியாருக்கு மட்டும் ஏன் மதிப்பெண் குறைக்க வேண்டும்?

அதே காலத்தில் ஜே.ஆர். ரங்கராஜு. அவருடைய 'ராஜாம்பாள்' 1908. துப்பறியும் கோவிந்தன் அவர் படைப்பு. நாடகமாகி, சினிமாவும் ஆனது. அப்புறம் மன்னார்குடிப் பக்கத்து வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். 1919-ல் 'மனோரஞ்சினி' என்று நாவலுக்கென்றே ஒரு மாதப் பத்திரிகை ஆரம்பித்தவர். 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்', 'திகம்பர சாமியார்'. 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'திகம்பர சாமியார்' படத்தில் நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டு வந்ததை உங்கள் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். (வடுவூராருக்கு இன்னொரு முகமும் உண்டு. பழைய எகிப்தியருக்கும் நம்மூர் வைஷ்ணவத்துக்கும் முடிச்சுப் போட்டு ஆங்கிலத்தில் கனமான ஆராய்ச்சி நூல் ஒன்று எழுதினார். நிறைய மர்ம நாவல் எழுதினால் உலகம் முழுக்க மர்மமாகத் தெரியும் போலிருக்கிறது.) 1925-லிருந்து வை.மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி'யை நடத்தினார். அவருடைய 115 நாவல்களில் துப்பறியும் கதைகளும் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், எழுதுகிறவரும் விற்கிறவரும் ஒரே ஆளாகவோ ஒரே கட்டடத்திலோ இருந்தார்கள். வடுவூராரின் பத்திரிகையே அவர் நாவலுக்குக் கடை. கோதைநாயகியும் அப்படியே. நடுவில் உதவிக்கு வந்தது தபால் இலாகா. 1877-லேயே இந்தியாவில் வி.பி.பி. வந்துவிட்டது. கார்டு போட்டால் புத்தகம் வீட்டு வாசலுக்கு வரும், தபால்காரரிடம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். புத்தகக் கடையே இல்லாத ஊருக்கும் கொலை நேராக வந்து சேர்ந்தது. அந்தக் காலப் பத்திரிகைகளில் உள்நாட்டுச் சந்தா, வெளிநாட்டுச் சந்தா என்று இரண்டு போட்டிருப்பார்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நம் ஆட்களுக்காக. நாம் இங்கே அமேசான் பெட்டிக்குக் காத்திருப்பதுபோல் அவர்கள் கப்பல் தபாலுக்குக் காத்திருந்திருப்பார்கள்.

இந்தச் சரக்கின் கணக்கு இன்னும் இருக்கிறது. 1867-ஆம் வருஷத்துப் பத்திரிகை மற்றும் நூல் பதிவுச் சட்டப்படி, அச்சாகிற ஒவ்வொரு புத்தகத்தையும் சர்க்காரிடம் பதிய வேண்டியிருந்தது. புத்தகத்தின் பெயர், ஆசிரியர், அச்சகம், எத்தனை பக்கம், எத்தனை பிரதி, என்ன விலை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் வரும். வெள்ளைக்காரன் கண்காணிப்புக்காகப் போட்ட பட்டியல்தான். ஆனால் என்னைப் போன்ற பி.காம். ஆசாமிக்கு அது தங்கச் சுரங்கம். ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' என்ற சின்னப் புத்தகத்தைப் படித்தால், அந்தக் காலத்தில் யார் நாவல் படித்தார்கள், எப்படிப் படித்தார்கள், பெரியவர்கள் ஏன் திட்டினார்கள் என்பதெல்லாம் தெரியும். பெண்கள் கெட்டுப் போவார்கள், மாணவர்கள் உருப்பட மாட்டார்கள் என்று அன்றைக்குச் சொன்னார்கள். பின்னால் சினிமாவுக்குச் சொன்னார்கள், இப்போது செல்போனுக்குச் சொல்கிறோம். ஸ்டாக் ரிஜிஸ்டர் இருக்கிறது. ஸ்டாக்தான் இல்லை. ஆடிட்டில் இப்படி வந்தால் நம் வேலை போய்விடும்.

அடுத்த தலைமுறையை வேகமாகக் கடக்கிறேன், உங்களுக்கே தெரிந்தவர்கள். நாற்பதுகளில் ஆனந்த விகடனில் தேவனின் 'துப்பறியும் சாம்பு'. சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா என்பதையும், அசடு என்று வேலையிலிருந்து துரத்தப்பட்டவர் என்பதையும் எங்கள் தொழிலைச் சேர்ந்தவன் என்ற முறையில் பெருமையுடன் குறிப்பிடுகிறேன். பிறகு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தமிழ்வாணன், அவருடைய தேநீர் பிரியர் சங்கர்லால். 1968-ல் குமுதத்தில் 'நைலான் கயிறு' எழுதிய சுஜாதா, பின்னால் கணேஷும் வசந்தும்.

பெரிய மாற்றம் மாத நாவலில் வந்தது. 1969-ல் தினத்தந்தி குழுமத்தின் 'ராணி முத்து'. பிறகு குமுதம் குழுமத்தின் 'மாலைமதி'. ராஜேஷ்குமாரின் முதல் நாவல் 'வாடகைக்கு ஓர் உயிர்' 1980-ல் மாலைமதியில்தான் வந்தது. அடுத்து ஜி. அசோகன் நடத்திய 'பாக்கெட் நாவல்', 'கிரைம் நாவல்'. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி, ராஜேஷ்குமாரின் விவேக் - ரூபலா. அசோகனைப் போன்றவர்கள் சரக்கை விற்றுவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை. வாசகர் கடிதத்துக்குப் பதில் சொன்னார்கள், அடுத்த மாதத் தலைப்பை முன்கூட்டியே சொல்லி ஏங்க வைத்தார்கள், எழுத்தாளரைச் சினிமா நடிகர் மாதிரி முன்னால் நிறுத்தினார்கள். பென்ஸ்லர் கடையில் செய்ததை இவர்கள் 96 பக்கத்துக்குள் செய்தார்கள் என்று நான் சொல்வேன்.

ஆனால் கணக்கு வேறு. தயவுசெய்து கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதுதான் விஷயம்.

மாத நாவல் பார்ப்பதற்குப் புத்தகம், சட்டப்படி பத்திரிகை. பத்திரிகையாகப் பதிவு, பத்திரிகைத் தாளில் அச்சு, பத்திரிகைக்கான தபால் சலுகை, பத்திரிகை ஏஜெண்ட் வழியாக விற்பனை. அதனால்தான் அவ்வளவு மலிவாகக் கொடுக்க முடிந்தது. ஊருக்கு ஊர் இருந்த நியூஸ் ஏஜெண்டுக்குக் கமிஷன். விற்காதது ரிட்டர்ன். அடுத்த இதழ் வந்த அன்று பழைய இதழ் செத்தது. புத்தகக் கடையில் ஒரு நாவல் பத்து வருஷம் தட்டில் தூங்கலாம், யாராவது வருவார். மாத நாவலுக்கு ஆயுள் முப்பது நாள். திரும்பி வந்தது எடைக்குப் போகும். எழுத்தாளருக்கும் ஒரு நாவலுக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகைதான் வழக்கம். பதிப்புக்குப் பதிப்பு ராயல்டி என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் இரண்டாம் பதிப்பு என்ற ஒன்றே கிடையாது. ஆகவே எழுத்தாளர் என்ன செய்வார்? அடுத்த மாதம் அடுத்த கொலை. 1500 நாவல் என்று வாயைப் பிளக்கிறோமே, அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் உழைப்பும் திறமையும் மட்டும் இல்லை, இந்த ஏற்பாடும் இருக்கிறது.

எங்கள் பாஷையில் சொன்னால், பென்ஸ்லர் மர்ம நாவலை மூலதனச் சொத்தில் எழுதினார். நாம் நடப்புச் செலவில் எழுதிவிட்டோம். காய்கறி, பால், கொலை.

அமெரிக்காவில் பழைய நாவலுக்கு மேலுறை இருந்தால்தான் விலை. மேலுறை இல்லாத முதல் பதிப்புக்கு மதிப்பு மளமளவென்று இறங்கிவிடும். நம்மூரில் முதலில் போவதே அட்டைதான். ஜெயராஜும் ஷ்யாமும் வரைந்த அட்டைகள் எத்தனை வீட்டில் பிள்ளைகளின் நோட்டுக்கு உறையாகப் போனதோ.

இதற்கு நடுவில் ஒரு மனிதரைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தொண்ணூறுகளில் திருப்பதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வாடகைப் புத்தகக் கடை. ஆந்திராவில் அந்த நாளில் சின்ன ஊரில்கூட 'அத்தெகு புஸ்தகாலு' கடை இருக்கும். பெரும்பாலும் தெலுங்குதான். கொம்மூரி சாம்பசிவராவின் டிடெக்டிவ் யுகந்தர், மதுபாபுவின் ஷேடோ. அவற்றில் பழையவை பல சென்னை அச்சு. தெலுங்குப் பதிப்பகங்கள் பல ஒரு காலத்தில் சென்னையில்தான் இருந்தன. எங்கள் கடைக்காரர் சித்தூர்ப் பக்கத் தமிழர் என்பதால் யுகந்தருக்குப் பக்கத்தில் விவேக்கும் பரத்தும் நிற்பார்கள்.

"அண்ணா, புது விவேக் வந்துதா?"

"வந்தா உனக்கு எடுத்து வெக்க மாட்டனா? போய்ப் படி, பரீச்சை முடிச்சிட்டு வா."

படித்த பையன் என்றால் அவருக்கு அவ்வளவு அக்கறை. பரீச்சை முடிகிற அன்று நிஜமாகவே எடுத்து வைத்திருப்பார். மாத நாவலை அப்படியே வாடகைக்கு விட்டால் நாலு கை மாறுவதற்குள் நார்நாராகிவிடும். அவர் மூன்று நாவலைச் சேர்த்து, சாக்கு ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டி ஒரு தொகுதியாக்குவார். முதுகில் எழுத்தாளர் பெயர் இருக்காது, நாவல் பெயரும் இருக்காது. 'விவேக் 14', 'பரத் 9'. யாராவது முடிவைச் சொல்ல வாயெடுத்தால் புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வார். சுபா என்பது ஒருவர் இல்லை, சுரேஷ், பாலகிருஷ்ணன் என்று இரண்டு பேர் என்பதை அவர் எனக்குச் சொன்னபோது, ஏதோ கொலைகாரனைக் கண்டுபிடித்ததுபோல் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். தரிசனத்துக்கு வந்து ரூம் கிடைக்காமல் சத்திரத்தில் காத்திருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் கொடுப்பார். அட்வான்ஸாகப் புத்தகத்தின் முழு விலை, திருப்பிக் கொடுத்தால் வாடகை போக மீதி. பிணையில்லாக் கடன் கிடையாது. பேங்கிங்கில் நான் கற்ற முதல் பாடம் அது என்று இன்றைக்கும் ஜூனியர்களிடம் சொல்வதுண்டு.

வீட்டில் பேசுவதும் ஸ்கூலில் படிப்பதும் வெவ்வேறு மொழியாக இருந்த எங்களுக்கு, தமிழை வேகமாகப் படிக்கப் பழக்கியது அந்தக் கடைதான். திருக்குறள் அம்மா சொல்லிக் கொடுத்தார். ஆனால் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குத் தாவுகிற வேகம் விவேக் கொடுத்தது. இங்கே சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் என் பெண் 'அம்மா, ஆடு, இலை' முடித்து, எழுத்துக்கூட்டிப் படித்து, அங்கேயே நிற்கிறாள். ஆங்கிலத்தில் அகதா கிறிஸ்டியை விழுங்குகிறவள் அவள். அவளுக்கு நடுவில் படிக்கத் தமிழில் என்ன கொடுப்பது? நல்ல புத்தகம் இருக்கிறது, கனமான புத்தகமும் இருக்கிறது. விறுவிறுவென்று இழுக்கிற மட்டமான புத்தகம்தான் கைக்குக் கிடைப்பதில்லை.

1993-ல் சன் டிவி வந்தது. மாத நாவல் படித்த மத்தியான வேளையையும் ராத்திரி வேளையையும் சீரியல் எடுத்துக்கொண்டது. எங்கள் கடைக்காரர் கொஞ்ச காலம் தாக்குப் பிடித்தார். நான் வேலைக்குச் சேர்ந்து ஊரை விட்டு வந்த பிறகு ஒரு நாள் போனில் அம்மா, "அந்தப் புஸ்தகக் கடைய மூடிட்டாங்கப்பா. எல்லாத்தயும் எடைக்குப் போட்டுட்டாங்களாம்" என்றார். தைத்து ஒட்டிய அத்தனை தொகுதியும். கிலோ என்ன விலைக்குப் போயிற்றோ.

சரி, தப்பிப் பிழைத்தது எப்படிப் பிழைத்தது? பார்த்தால் மூன்றே வழிதான் தெரிகிறது, மூன்றிலும் ஒரு விற்பனைக்காரரோ ஒரு பைத்தியமோ இருக்கிறார்.

தமிழ்வாணன் 1977-ல் மறைந்தார். ஆனால் சங்கர்லால் இன்றும் புத்தகக் கண்காட்சியில் கிடைக்கிறார். காரணம், மணிமேகலைப் பிரசுரம் குடும்பச் சொத்து. மகன்கள் தொடர்ந்து அச்சிட்டார்கள். எழுத்தாளரே கடைக்காரராக இருந்த ஆரணி, வடுவூர் காலத்து வழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர் அவர். தேவன் நேர்மாறு. 1957-ல் அவர் மறையும் வரை அவருடைய தொடர்கள் புத்தகமாகவில்லை என்பார்கள். அவரைப் பின்னால் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது அல்லயன்ஸ். 1901-ல் வி. குப்புசாமி ஐயர் மயிலாப்பூரில் தொடங்கிய கடை, நூற்றாண்டு தாண்டிவிட்டது. வடுவூராரையும் ஆரணியாரையும் மறுபடி அச்சுக்குக் கொண்டுவந்ததும் அவர்கள்தான். இதெல்லாம் கணக்குப் பார்த்துச் செய்கிற வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. திகம்பர சாமியாரை எதிர்பார்த்து மயிலாப்பூரில் யாரும் வரிசையில் நிற்கவில்லை.

இன்னொருவர் ரோஜா முத்தையா. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர்க்காரர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகம் எங்கே கிடைத்தாலும் வாங்கினார், புத்தகம் மட்டுமல்ல, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, நாடக விளம்பரம், எல்லாம். உயர்ந்தது, தாழ்ந்தது என்று பார்க்காமல் சேர்த்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். பண்டிதர் யாராவது சேர்த்திருந்தால் மர்ம நாவலை வாசலிலேயே நிறுத்தியிருப்பார். 1992-ல் அவர் மறைந்தபோது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. வாங்கியவர்கள் அமெரிக்காவுக்கு மூட்டை கட்டவில்லை, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக வைத்தார்கள். இப்போது தரமணியில் இருக்கிறது.

மூன்றாவது, கொஞ்சம் வேடிக்கை. ராகேஷ் கன்னா என்று ஒரு கலிஃபோர்னியாக்காரர் சென்னைக்கு வேலைக்கு வந்தார். டீக்கடை கயிற்றில் தொங்கும் அட்டைப் படங்களைப் பார்த்து மயங்கினார். நாவல் படிக்கிற அளவுக்குத் தமிழ் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் தலை வெடித்துவிடும் போலிருந்திருக்க வேண்டும். நண்பர்களோடு பிளாஃப்ட் என்று ஒரு பதிப்பகம் ஆரம்பித்து, ப்ரீதம் சக்ரவர்த்தியை மொழிபெயர்க்க வைத்து, 2008-ல் தமிழ் மசாலாக் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பைக் கொண்டுவந்தார். தமிழ்வாணன், புஷ்பா தங்கதுரை, ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், இந்திரா சௌந்தர்ராஜன் எல்லாம் அதில் உண்டு. அட்டை ஷ்யாம். பின்னால் இரண்டாம் தொகுதியும் வந்தது. நம் இலக்கிய வரலாறுகள் ஒரு பத்தியில் கடந்துபோன ஆட்களை, இங்கே என் ஆபீஸில் ஒரு ஐரிஷ்காரர் படித்துவிட்டு என்னிடம் வந்து சந்தேகம் கேட்டார். நல்லதா, வெட்கமா என்று புரியாமல் அன்றைக்கு நான் இரண்டு காபி குடித்தேன்.

இப்போது மின்னூல் வந்துவிட்டது, ராஜேஷ்குமார் நிறையக் கிடைக்கிறார். சந்தோஷம். ஆனால் இருப்பதைத்தானே மின்னூலாக்க முடியும்? கடைகளும் நிரந்தரமில்லை. லண்டனில் 1988-ல் ஆரம்பித்த 'மர்டர் ஒன்' என்ற பெரிய மர்மப் புத்தகக் கடை 2009-ல் மூடிவிட்டது. அங்கே கடை போனாலும் புத்தகம் நூலகத்தில் இருக்கிறது. நம் மாத நாவல் விஷயத்தில் உங்கள் மாமியார் வீட்டுப் பரண்தான் நூலகம். ஊருக்குப் போகும்போது, பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று பரணைக் காலி செய்வதற்கு முன்னால், ஏறிப் பார்த்துவிடுங்கள். அத்தையோ சித்தியோ கல்லூரியில் படிக்கும்போது ஒளித்து வைத்துப் படித்தவை இருக்கும். அட்டையோடு இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்னால் தரமணிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுப் பார்க்கலாம்.

போன தடவை நான் போனபோது என் பரணில் கிடைத்தது ஒன்றே ஒன்று. திருப்பிக் கொடுக்காமல் விட்ட 'விவேக் 14'. அட்வான்ஸ் முழுகிப்போன புத்தகம், ஆகவே சட்டப்படி எனக்குச் சொந்தம். மூன்று நாவல் உள்ளே. தைக்கும்போது அட்டைகளை நீக்கிவிட்டதால் தலைப்பு எதுவும் தெரியவில்லை. கடைசி நாவலுக்கு முடிவுப் பக்கங்களும் இல்லை. 1500-ல் அது எது என்று மின்னூல் பட்டியலை ராத்திரி ராத்திரி உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.